சுய உதவிக் குழுப் பயிற்சியில் வெளிச்சத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்கள் பொருள்களை இணையத்தில் விற்பதற்கு இப்போது பல ஊர்களில் பயிற்சி தருகிறார்கள். எடை போடுவது, லேபிள் ஒட்டுவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்குவது, கணக்கு எழுதுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வாங்குகிறவர் கையால் தொட்டோ வாயில் போட்டோ பார்க்க முடியாத இடத்தில், அவர் பார்ப்பது ஒரு புகைப்படத்தை மட்டும்தான். அந்தப் புகைப்படம் என்று வரும்போது "போட்டோ நன்றாக இருக்க வேண்டும்" என்ற ஒரு வரியோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அல்லது ஏதாவது ஒரு விளக்கு செட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊர்க் குழு ஒன்று, அப்படி ஒரு பயிற்சியில் கேட்டதை நம்பி, சேமிப்பிலிருந்து 4,500 ரூபாய் எடுத்து வட்ட வளையமாக எரியும் ரிங் லைட் ஒன்றும், பொருளை உள்ளே வைத்துப் படம் எடுக்கிற மடக்கு வெள்ளைப் பெட்டி ஒன்றும் வாங்கியது. அது வாரா வாரம் அந்தப் பெண்கள் போட்ட சந்தாப் பணம். அதைக் கேட்டதிலிருந்து மனம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் கும்பகோணத்தில் பல வருடங்கள் ஸ்டூடியோ நடத்தினோம். அவர் படம் எடுப்பார். நான் டார்க் ரூமில் பிரிண்ட் போடுவேன், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வேன். முகத்தில் விழுந்த நிழல் எவ்வளவு கூர்மை, எவ்வளவு மிருது என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. ஸ்டூடியோவை மூடியபின், சுற்று வட்டாரத்தில் நாச்சியார்கோயில் விளக்கு விற்பவர்கள், ஊறுகாய், வடாம் போடுகிறவர்கள், திருபுவனம் பட்டு எடுத்து விற்கும் பெண்கள் என்று யார் கூப்பிட்டாலும் போய் மேஜை மேல் பொருளை வைத்துப் படம் எடுக்கக் காட்டித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. அதனால் எனக்கு இதில் விற்க எதுவும் இல்லை என்று நம்பிப் படியுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பொருளுக்கு அழகு தருவது விளக்கின் விலை இல்லை, வெளிச்சம் வருகிற பரப்பின் அளவு. சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் கத்தி போல நிழல் வெட்டும். பெரிய பரப்பிலிருந்து வரும் வெளிச்சம் நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடும். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனாலும் அது இருக்கிற தூரத்துக்கு நம் கண்ணுக்குச் சின்ன வட்டம்தான். அதனால்தான் உச்சி வெயிலில் நிழல் அவ்வளவு கூர்மை. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடும், நிழல் இருக்கிற இடமே தெரியாது. 100 ரூபாய் எல்இடி பல்பின் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டால், அந்த வேட்டிதான் விளக்கு. பல்பின் விலையை அதன் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வேட்டி பொருளுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அவ்வளவுக்கு வெளிச்சம் மிருது.

இது ஏழைக்குக் கற்றுத்தரும் சிக்கன வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1956-இல் வெளியான 'அபராஜிதோ' என்ற வங்காளப் படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியின் மேல் அடித்து, அதில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் பிடித்தார். முற்றத்துக்கு மேலே வானம் இருப்பது போலவே வந்தது. நம் சினிமா ஷூட்டிங்கில் இன்றும் ஒருவர் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வேலைதான்.

பல்புக்கும் முன்னால் ஜன்னலைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "வடக்கு ஜன்னல்தான் நல்லது" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த நாடுகள் இருக்கும் இடத்துக்கு அது சரி. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆவணி முதல் வாரம் வரை அந்தப் பக்கம்தான் இருக்கும். அந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழும். தெற்கு ஜன்னலில் நாள் முழுக்க வெயில் படாத, நிதானமான வெளிச்சம் இருக்கும். புரட்டாசியில் தொடங்கி பங்குனி தொடக்கம் வரை அப்படியே தலைகீழ், வடக்கு ஜன்னல் நமக்கு. எங்கள் ஸ்டூடியோவில் என் மாமனார் காலத்திலேயே இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து, மாதத்துக்குத் தகுந்தபடி ஒன்றைத் திறந்து ஒன்றை மூடுவார்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேஜையைப் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோலை நிறுத்தினால், ஒரு ரூபாய் கரண்ட் செலவில்லாமல் முறுக்கு, அதிரசம், மண்பாண்டம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஜன்னல் கம்பி நிழல் விழுந்தால் பட்டர் பேப்பரை ஜன்னல் சட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஆனால் இந்தப் பெண்களுக்குப் பகலில் நேரம் ஏது? சமையல், வயல் வேலை, பிள்ளைகள் எல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஃபோனைக் கையில் எடுக்கிறார்கள். அவர்களுக்குத்தான் பல்பு தேவை. நான் செய்யச் சொல்வது இதுதான். மளிகைக் கடையில் பிஸ்கட் வரும் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். திறந்த வாய் உங்களைப் பார்க்கும்படி அதைப் படுக்க வைத்து, மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் ஓரத்தில் இரண்டு விரல்கடை விட்டு ஜன்னல் போல வெட்டி எடுத்துவிட்டு, பட்டர் பேப்பரை ஒட்டுங்கள். உள்ளே வெள்ளை சார்ட் பேப்பரைப் பின்சுவரின் உச்சியிலிருந்து தரை வரை, மடிப்பு விழாமல் வளைவாக இறக்குங்கள். அந்த வளைவுதான் பின்னணியில் கோடு தெரியாமல் காப்பாற்றும். பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்பு. ஒன்றைக் கிட்டேயும் மற்றதைத் தள்ளியும் வையுங்கள். இரண்டும் சரிசமமாக வைத்தால் பொருள் தட்டையாகிவிடும், லட்டு கூட வட்டக் காகிதம் போலத் தெரியும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு நகர்த்திப் பார்த்தால் போதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் எதுவும் வேண்டாம். பெட்டி, பேப்பர், தெர்மாகோல், இரண்டு பல்பு, ஹோல்டர், ஒயர் எல்லாம் சேர்த்து எங்கள் ஊர்க் கடைகளில் 500 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

பல்பு வாங்கும்போது கொஞ்சம் நின்று அட்டையைப் படிக்கச் சொல்கிறேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறமாக இருக்க வேண்டும். அட்டையில் 'கே' என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு. 6500 கே என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 3000 கே என்றால் மஞ்சள். ஒன்று அது, ஒன்று இது என்று வைத்தால் ஃபோன் எதை நம்புவது என்று தெரியாமல் தடுமாறும், பொருளின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக வரும். அறையில் எரியும் டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள். அடுத்து சிஆர்ஐ என்ற எண். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. சாதாரண வீட்டு பல்பு பெரும்பாலும் 80 அளவில் இருக்கும். 90-க்கு மேல் உள்ளது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். காரணம் இருக்கிறது. மலிவு எல்இடியில் அடர் சிவப்பு பலவீனம். நம் பெண்கள் விற்பதில் பாதி சிவப்புதான்: மிளகாய்ப் பொடி, ஆவக்காய், குங்குமம், அரக்குச் சேலை. மட்டமான பல்பில் எடுத்த மிளகாய்ப் பொடி செங்கல் பொடி மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் அரக்கு நிறப் பட்டுச் சேலையை அனுப்பி, "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று அது திரும்பி வந்து, போக வரக் கூரியர் செலவையும் தாங்கினார். அந்தச் சேலையில் குற்றமே இல்லை.

நிறம் கெடுவதற்கு நம் வீட்டிலேயே இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சுவர். பச்சை, ரோஸ், வாடாமல்லி என்று அடர்த்தியாக அடித்திருப்போம். வெளிச்சம் சுவரில் பட்டுப் பொருளின் மேல் வரும்போது அந்த நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும். சுவரை வெள்ளைத் துணியால் மறைத்துவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று அந்த வேட்டி. நீலம் போட்டு அலசிய வேட்டி வெளிச்சத்தையும் நீலமாக்கும். பழுப்பேறியது மஞ்சளாக்கும். நீலம் போடாமல் துவைத்த வெள்ளை மல் துணியே சரி.

இப்போது பித்தளைக்கு வருகிறேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்ற பொருள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து, திருகிப் பூட்டுகிற வேலை. அதைச் செய்தவருக்கு அந்தத் தண்டின் ஒவ்வொரு வளையமும் தெரியும். ஆனால் இணையத்தில் அதன் படத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. தண்டு முழுக்க ஜன்னல், மின்விசிறி, படம் எடுக்கிறவரின் கை, ஃபோன். ரிங் லைட் வைத்து எடுத்ததில் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு குட்டி வெள்ளை வட்டம்.

பளபளப்பான உலோகத்துக்கு நாம் வெளிச்சம் போடுவதே இல்லை. அது எதைப் பார்க்கிறதோ அதைத்தான் காட்டும், ஆகவே அது பார்க்கிற சுற்றுப்புறத்துக்குத்தான் நாம் வெளிச்சம் போட வேண்டும். விளக்கின் இடப்பக்கம் அகலமான வெள்ளை சார்ட்டோ வேட்டியோ நிறுத்தி அதன்மேல் பல்பை அடியுங்கள். தண்டின் உயரம் முழுக்க வழவழப்பான ஒரு வெள்ளிப் பட்டை ஓடும். வலப்பக்கம், படத்துக்குள் வராத தூரத்தில், நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்பு சார்ட்டை நிறுத்துங்கள். தண்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு பிறக்கும். அந்தக் கோடு வந்தவுடன்தான் தண்டு உருண்டையாக எழுந்து நிற்கும். கறுப்பு இல்லாமல் நாலா பக்கமும் வெள்ளையாக மூடினால், வெள்ளைப் பின்னணியில் பித்தளையின் ஓரமே கரைந்து போய்விடும். விலைக்கு விற்கும் மடக்குப் பெட்டிகளில் எடுத்த விளக்குகள் உயிரில்லாமல் இருப்பது இதனால்தான். அந்தப் பெட்டி மாவுப் பண்டத்துக்கும் பொம்மைக்கும் பரவாயில்லை, பித்தளைக்கு ஆகாது. படம் எடுக்கிறவர் தெரியாமலிருக்க, முன்னால் ஒரு வெள்ளை சார்ட்டைத் தொங்கவிட்டு, ஃபோன் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்த பிறகு, துணி சுற்றிய கையால் மட்டும் தொடுங்கள். விரல் ரேகை ஒன்று விழுந்தாலும் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

கண்ணாடிப் பாட்டிலுக்கு வேறு கதை. தேன், நல்லெண்ணெய், நன்னாரி சர்பத் எல்லாம் வெளிச்சம் ஊடுருவுகிற பொருள்கள். முன்னாலிருந்து அடித்தால் கறுத்துப் போகும். பாட்டிலின் பின்னால், பாட்டில் வடிவத்திலேயே கொஞ்சம் சிறிதாக வெட்டிய வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்து, பக்கவாட்டு பல்பின் வெளிச்சம் அதில் பட்டு பாட்டிலுக்குள் வரும்படி செய்யுங்கள். தேன் தேனாகத் தெரியும். ஊறுகாய்க்கு இது பலிக்காது, வெளிச்சம் அதற்குள் போகாது. அதைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து வைத்து, பின்பக்கத்து ஓரத்திலிருந்து வெளிச்சம் வரச் செய்தால் எண்ணெய் மினுங்கும், நாக்கில் நீர் ஊறும். வடாம், முறுக்கு, கைக்குத்தல் அவல் இவற்றுக்குப் பக்கவாட்டில் தாழ்ந்த வெளிச்சம், சொரசொரப்பு தெரிய. பட்டுக்கும் அதே, ஜரிகை எந்தக் கோணத்தில் பேசுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பல்பை நகர்த்த வேண்டும். இதற்குச் சூத்திரம் கிடையாது.

ஃபோனைப் பற்றிக் கொஞ்சம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சைக்கிள், அதனால் மட்டமான எல்இடி விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படத்தில் குறுக்குக் கோடுகளாக விழும். கேமராவில் நாமே அளவுகளை மாற்றுகிற ப்ரோ மோடு இருந்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் கோடு போய்விடும். கை ஆடாமலிருக்க ஃபோனைச் செங்கல்லில் சாய்த்து, டைமரில் எடுங்கள். பொருளுக்கு மிகவும் கிட்டே போகாமல் தள்ளி நின்று ஜூமை 2 எக்ஸ் வைத்தால் வடிவம் கோணாது. வெள்ளைப் பின்னணி படத்தில் சாம்பலாக விழுகிறது என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். வெள்ளை நிறைய இருந்தால் கேமரா அதை அடக்கப் பார்க்கும். ஃபோன் திரையில் தெரியும் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் வெளிச்ச அளவுக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் வெளுத்துவிடும். அமேசான் போன்ற தளங்கள் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணியும், சட்டத்தில் 85 சதவீதம் பொருளும் கேட்கின்றன. இந்தப் பெட்டியில் எடுத்த படத்துக்கு அந்த வெள்ளையைக் கொண்டுவரச் சின்னத் திருத்தம்தான் தேவைப்படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பழைய ஹாலஜன் விளக்கு வீட்டில் கிடக்கிறதே என்று இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. எங்கள் ஸ்டூடியோவில் 500 வாட் ஹாலஜன் எரியும்போது அதன் கிட்டே கை வைக்க முடியாது. பட்டர் பேப்பரும் தெர்மாகோலும் அந்தச் சூட்டில் தீப்பிடிக்கும். குண்டு பல்பும் வேண்டாம். எல்இடி மட்டுமே, அதுவும் காகிதத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. ஒயர் இணைப்பை வெறுமனே முறுக்கி விடாமல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். முடிந்தால் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு பிளக், ஹோல்டர் போட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடுகள் இவை. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

மாவட்ட மகளிர் திட்ட அலுவலகங்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. விற்பனைப் பயிற்சியில் அரை நாளை இதற்குத் தாருங்கள். சுவரில் படம் காட்டிப் பேசுவது போதாது. பெண்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டுவந்து, பெட்டியைத் தாங்களே வெட்டி, பல்பைத் தாங்களே நகர்த்திப் பார்க்க வேண்டும். பல்பு நகர்கிறபோது நிழல் எப்படி மாறுகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு யாரையும் கேட்க மாட்டார். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கட்டடங்களில் ஒரு மேஜை, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு நல்ல பல்பு என்று ஒரு மூலையைப் பொதுவாக வைத்தால், ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக எதுவும் வாங்க வேண்டியதே இல்லை. சிஆர்ஐ கூடிய பல்பைக் கூட்டமைப்பே மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். பயிற்சி தருகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: எந்தக் கடையின் எந்தப் பொருளையும் வாங்கும்படி அந்த அறைக்குள் பேசக் கூடாது.

கேமரா விற்கிற பிள்ளைகள் என் மேல் கோபப்பட வேண்டாம். பெரிய விளம்பரம் எடுக்கிறவர்களுக்கு ஸ்டூடியோ ஃபிளாஷும், அதன் வெளிச்சத்தை மிருதுவாக்கும் சாஃப்ட் பாக்ஸும் தேவைதான், அவற்றின் அருமை எனக்குத் தெரியும். மாதம் இருபது கிலோ வடாம் விற்கிற பெண்ணுக்கு அது தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். அவள் கையில் மிஞ்சுகிற பணம் அடுத்த மாதத்து உளுந்துக்கும் அரிசிக்கும் போக வேண்டியது.

பயிற்சியை ஆடி மாதத்தில் வைத்தால் நல்லது. வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்திருக்கும், தீபாவளி, கார்த்திகை ஆர்டர்களுக்கு முன்னால் படங்களை மாற்றிவிடலாம், தெற்கு ஜன்னல் வெளிச்சமும் அப்போது நன்றாக இருக்கும். கும்பகோணம், திருவிடைமருதூர் சுற்று வட்டாரத்தில் எந்தக் கூட்டமைப்பு கூப்பிட்டாலும் நான் வருகிறேன். பேருந்துக் காசு கூட வேண்டாம். ஒரு அட்டைப் பெட்டியும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டூடியோ நடத்திய வாசகி,
கும்பகோணம்.